பணமும் கட்சியும் – 7: மதுக்கூடத்தை மூடியவர்களும் திறந்தவர்களும்

1896ஆம் ஆண்டுத் தேர்தலில் மார்க் ஹன்னா அமெரிக்க வங்கிகளின் மூலதனத்தில் கால் சதவீதத்தைக் குடியரசுக் கட்சிக்காக வரிபோல வசூலித்ததும், அத்தகைய வசூலால் எழுந்த எரிச்சல் 1907இல் டில்மன் சட்டமாக முடிந்து, நிறுவனங்கள் கூட்டாட்சித் தேர்தல்களுக்கு நேரடியாகப் பணம் தருவது தடை செய்யப்பட்டதும் சென்ற பகுதியில் கூறப்பட்டன. அந்தச் சட்டத்தின் பார்வை நிறுவனத்தின் காசோலையோடு நின்றுவிட்டது. செல்வந்தர் ஒருவர் தம் சொந்தப் பையிலிருந்து அள்ளித் தருவதையோ, வேட்பாளர் எவரையும் நிறுத்தாத ஓர் அமைப்பு தன் ஆதரவாளர்களின் வாக்குகளைக் கொத்தாக ஒரு பக்கம் சாய்த்து இரு கட்சிகளையும் ஒருசேரப் பணியவைப்பதையோ அது கண்டுகொள்ளவில்லை. இவ்விரு வழிகளும் எவ்வளவு தூரம் போகும் என்பதை, 1893 முதல் 1936 வரை அந்நாட்டை ஆட்டிவைத்த மதுவிலக்கு விவகாரத்தைக் காட்டிலும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அமெரிக்க வரலாற்றில் வேறில்லை.

அமெரிக்கக் கட்சி என்பது, இந்தியக் கட்சிகளைப்போல உறுப்பினர் அட்டையும் மேலிடத்துக் கட்டளையும் கொண்ட அமைப்பன்று. மாநிலத்துக்கு மாநிலம், நகரத்துக்கு நகரம் தனித்தனியே இயங்கும் குழுக்கள் நான்காண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாநாட்டில் கூடி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்துவிட்டுக் கலைவதே அன்றைய வழக்கம். தேர்தல் முடிந்ததும் தேசியக் குழுவின் அலுவலகம் பூட்டப்படும், எஞ்சுவது பெரும்பாலும் கடன் மட்டுமே. இவ்வாறு நடுவே வெற்றிடம் கொண்ட ஓர் அமைப்புக்கு எது குறைவோ அதைக் கொண்டுவருபவர் அதனுள் எளிதாக நுழைந்துவிட முடியும். அந்தக் குறை ஒரு காலத்தில் வாக்காகவும், இன்னொரு காலத்தில் அலுவலக வாடகையாகவும் இருந்தது என்பதே இப்பகுதியின் செய்தி.

மதுவுக்கு எதிரான இயக்கம் அந்நாட்டில் பழையது. 1869இல் மதுவிலக்குக் கட்சி என்ற பெயரில் தனிக்கட்சியே தோன்றியது. 1874இல் தோன்றிய மகளிர் கிறித்தவ மதுவிலக்குச் சங்கம், பிரான்சிஸ் வில்லர்டின் தலைமையில், பள்ளிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே மதுவின் தீமையைப் புகுத்தும் அளவுக்கு வளர்ந்தது. ஆனால் தனிக்கட்சியாக நின்று பெற்ற பயன் மிகச் சிறிது. 1884 அதிபர் தேர்தலில் நியூயார்க் மாநிலத்தில் மதுவிலக்குக் கட்சி பெற்ற சுமார் 25,000 வாக்குகள் பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்குப் போயிருக்க வேண்டியவை. அங்கே ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தோற்றதால் அக்கட்சியின் வேட்பாளர் பிளெயின் அதிபர் பதவியையே இழந்தார். மதுவிலக்குக்குச் சற்றே இணக்கமாக இருந்த கட்சி வீழ்ந்து, இணக்கமற்ற கட்சி ஆட்சிக்கு வந்தது. ஒரு சிறுபான்மை தனியே நின்றால் நண்பனைத்தான் தோற்கடிக்கும் என்ற பாடத்தை இதற்கு மேல் எவரும் கற்பித்திருக்க முடியாது.

தேவாலயத்தில் திரண்ட சந்தா

1893 மே மாதம், ஒகையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில், ஹோவர்ட் ஹைட் ரஸ்ஸல் என்ற போதகர் மதுக்கூட எதிர்ப்பு லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் அது தேசிய அமைப்பாயிற்று. கட்சி தொடங்குவதில்லை, வேட்பாளரை நிறுத்துவதில்லை, மதுவைத் தவிர வேறெந்தப் பிரச்சினையைப் பற்றியும் வாய் திறப்பதில்லை என்ற மூன்று விலக்குகளின்மேல் அது கட்டப்பட்டது. வங்கி, தொழிலாளர், காப்பு வரி, பெண்கள் வாக்குரிமை என்று நாடே பிளவுபட்டுக் கிடந்த காலத்தில், இவற்றில் எதைப் பற்றி எக்கருத்து உடையவரும் சேரக்கூடிய இடமாக லீக் இருந்தது.

அதன் அடித்தளம் தேவாலயம். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகளின் ஆயிரக்கணக்கான ஆலயங்கள் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை லீக்கின் பேச்சாளருக்கு ஒதுக்கின. பிரசங்கம் முடிந்ததும் இருக்கைகளில் ஒரு சிறிய அட்டையும் பென்சிலும் சுற்றிவரும். மாதம் இருபத்தைந்து சென்ட், ஐம்பது சென்ட், ஒரு டாலர் என்று தமக்கு இயன்றதைக் குறித்து, பெயரும் முகவரியும் எழுதி, கையெழுத்திட்டுத் தருவார்கள். அந்த அட்டை இரண்டு வேலைகளைச் செய்தது: மாதச் சந்தாவுக்கு வழிவகுத்தது, கூடவே, எந்தத் தொகுதியில் எந்தத் தெருவில் மதுவுக்கு எதிரான வாக்காளர் எவர் என்ற பட்டியலையும் லீக்கின் கையில் கொடுத்தது. அன்றைய பெரிய கட்சிகள் எவற்றிடமும் இத்தகைய பட்டியல் இல்லை. பணத்தைவிடப் பட்டியலே அந்த அட்டையின் பெரிய மதிப்பு என்று கொள்வதே பொருந்தும்.

பெருஞ்செல்வரும் இல்லாமலில்லை. பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவரும் வாழ்நாள் முழுதும் மதுவைத் தொடாதவருமான ஜான் டி. ராக்பெல்லர், பிறர் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தாமும் தருவது என்ற ஏற்பாட்டில் லீக்கை ஆதரித்தார். 1900 முதல் 1919 வரை அவரும் அவர் மகனும் தந்தவை சுமார் மூன்றரை லட்சம் டாலர். மலிவு விலைக் கடைகளால் பொருள் ஈட்டிய எஸ். எஸ். கிரெஸ்கேயும் கொடையாளிகளுள் ஒருவர். மதுத் தொழிலார் ராக்பெல்லர் பல கோடிகளைக் கொட்டினார் என்று பறைசாற்றினார்கள், அது உண்மையன்று. அவருடைய பணம் சந்தாவைப் பெருக்கும் தூண்டுகோலாக இருந்ததே தவிரச் சந்தாவுக்கு மாற்றாக இருக்கவில்லை. 1909இல் ஒகையோவின் வெஸ்டர்வில் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்த லீக்கின் அச்சகம், மாதந்தோறும் நாற்பது டன்னுக்கும் மேற்பட்ட துண்டறிக்கைகளையும் இதழ்களையும் அனுப்பியது. அந்த ஊரின் அஞ்சலகம் மக்கள்தொகைக்கு ஒவ்வாத வகையில் முதல்தர அஞ்சலகமாக உயர்த்தப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு முன்பு மதுக்கூடம் திறக்க வந்தவரின் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்த ஊர் அது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த எந்திரத்தை ஓட்டியவர் வேய்ன் வீலர். ஒகையோ விவசாயக் குடும்பத்தில் 1869இல் பிறந்த அவர், சிறுவனாக இருந்தபோது குடித்திருந்த பண்ணையாள் ஒருவர் வைக்கோல் கவையால் தம் காலில் குத்திவிட்டதைப் பின்னாளில் மேடைதோறும் சொல்லி வந்தார். ஓபர்லினில் படித்துக்கொண்டிருந்தவரை ரஸ்ஸல் லீக்குக்கு அழைத்துக்கொண்டார். மிதிவண்டியில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே அவர் சட்டமும் படித்து முடித்தார். அவருடைய கணக்கு எளிமையானது. இரு கட்சிகளும் ஏறத்தாழச் சமபலத்தில் நிற்கும் தொகுதியில், நூற்றுக்குப் பத்துப் பேர் கட்சியை மறந்து ஒரே பக்கம் சாய்வார்களானால், மீதித் தொண்ணூறு பேரின் விருப்பம் எதுவாக இருந்தாலும் முடிவு அந்தப் பத்துப் பேருடையது. வேட்பாளர் குடிக்கிறாரா என்று லீக் கேட்கவில்லை. சட்டமன்றத்தில் எப்படி வாக்களிப்பார் என்று மட்டுமே கேட்டது. அச்சிட்ட வினாத்தாள் இரு கட்சி வேட்பாளர்களுக்கும் போகும். பதில்கள் தேர்தலுக்கு முந்திய ஞாயிறு அன்று ஆலயங்களில் அறிவிக்கப்படும். மாலையில் விஸ்கி அருந்திவிட்டுக் காலையில் மதுவிலக்குக்குக் கை தூக்கும் உறுப்பினர் லீக்குக்கு நல்ல உறுப்பினரே. அறநெறி இயக்கம் ஒன்று அறநெறியை இவ்வளவு துணிச்சலாக ஒதுக்கிவைத்தது வியப்புத்தான். அதன் வெற்றியின் இரகசியமும் அதுவே, பிற்காலச் சரிவின் வித்தும் அதுவே.

ஒகையோவில் 1905இல் நடந்தது நாடு முழுவதற்கும் பாடமாயிற்று. உள்ளூர் விருப்பம் எனப்பட்ட முறைப்படி, ஒரு வட்டாரத்து வாக்காளர் தம் பகுதியில் மதுக்கூடம் வேண்டுமா வேண்டாமா என்று தாமே முடிவு செய்ய இடமளிக்கும் மசோதாவைக் குடியரசுக் கட்சி ஆளுநர் மைரன் ஹெரிக் நீர்த்துப்போகச் செய்தார். அவர் சாதாரண ஆளல்லர். 1903இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றவர், ஹன்னாவின் வழிவந்தவர், கட்சியின் பணமும் ஆள்பலமும் அவர் பின்னால் நின்றன. வீலர் மாநிலமெங்கும் ஆலயங்களில் நூற்றுக்கணக்கான கூட்டங்களை நடத்தி, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பாட்டிசனுக்கு வாக்களிக்கச் சொன்னார். ஹெரிக் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். அதே வாக்குச் சீட்டில் இருந்த மற்றக் குடியரசுக் கட்சியினர் வென்றார்கள். தோல்வி கட்சியுடையதன்று, ஹெரிக்குடையது மட்டுமே என்பது எண்ணிக்கையில் பளிச்சென்று தெரிந்ததால், இரு கட்சித் தலைவர்களும் அதைப் பார்த்து நடுங்கினர். மூன்றாண்டுகளில் மாவட்ட அளவிலான மதுவிலக்குச் சட்டம் ஒகையோவில் நிறைவேறி, அம்மாநிலத்தின் 88 மாவட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மதுக்கூடங்களை மூடின.

எதிர்த்தரப்பில் பணம் குறைவாக இருந்ததா என்றால், லீக்கிடம் இருந்ததைவிடப் பன்மடங்கு இருந்தது. 1862இலேயே சங்கம் கண்ட பீர் உற்பத்தியாளர்கள், மதுக்கூடங்களில் பெரும்பகுதியைத் தாமே கையில் வைத்திருந்தனர். கூட்டாட்சி அரசின் வருவாயில் ஏறத்தாழ முப்பது சதவீதம் மது வரியிலிருந்து வந்தது. ஆயினும் அவர்கள் அப்பணத்தைச் செலவிட்ட விதம் ஒளிவுமறைவானது. பெண்களுக்கு வாக்குரிமை வந்தால் மதுவிலக்கு வந்துவிடும் என்ற அச்சத்தில் வாக்குரிமை எதிர்ப்புப் பிரசாரத்துக்கு இரகசியமாகப் பணம் கொடுத்தனர். ஜெர்மானிய-அமெரிக்கத் தேசியக் கூட்டணி என்ற பண்பாட்டு அமைப்பைத் தம் முகமூடியாக்கினர். தலைநகரின் நாளிதழ் ஒன்றை வாங்குவதற்குப் பத்திரிகையாளர் ஆர்தர் பிரிஸ்பேனுக்குக் கடன் கொடுத்தனர். முதல் உலகப் போரில் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராக இறங்கியதும், 1918இல் இவையெல்லாம் செனட் விசாரணையில் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு, பீர்த் தொழிலைத் தேசத்துரோகத்தின் நிழலில் நிறுத்தின. சாராயம் வடிப்போரும் பீர் காய்ச்சுவோரும் ஒருவரை ஒருவர் பலிகொடுத்துத் தப்பிக்கலாம் என்று கடைசிவரை நம்பியது வேறு.

மது வரியை இழந்தால் அரசு எப்படி நடக்கும் என்ற கேள்விக்கு 1913இல் வருமான வரித் திருத்தம் பதிலாக வந்தது. ஒரு வரியை ஒழிக்க இன்னொரு வரி முன்னதாகவே தேவைப்படும் என்பது பின்னாளில் சென்னை மாகாணமும் கண்ட உண்மை: 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி அமைச்சரவை, வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் வருமான வரி வந்த அதே 1913 டிசம்பரில், லீக்கின் ஆண்களும் மதுவிலக்குச் சங்கத்தின் பெண்களுமாகச் சுமார் இரண்டாயிரம் பேர் வாஷிங்டன் வீதியில் ஊர்வலம் சென்று, அரசியலமைப்புத் திருத்த வரைவை நாடாளுமன்றப் படிக்கட்டில் கையளித்தனர். 1914இல் பிரதிநிதிகள் சபையில் 197க்கு 190 என்று பெரும்பான்மை கிடைத்தும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. 1916 தேர்தலில் லீக் அந்தக் குறையை நிரப்பியது.

1917இல் பதினெட்டாம் திருத்தத்தின்மேல் நடந்த வாக்கெடுப்பைச் சற்று நின்று நோக்குவது தகும். பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 282, எதிர்ப்பு 128. ஜனநாயகக் கட்சியில் 141 பேர் ஆதரித்தனர், 64 பேர் எதிர்த்தனர். குடியரசுக் கட்சியில் 137 பேர் ஆதரித்தனர், 62 பேர் எதிர்த்தனர். காப்பு வரியிலும் கறுப்பின மக்களின் உரிமையிலும் இரு துருவங்களாக நின்ற இரண்டு கட்சிகள், ஒரு வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த திருத்தத்தில் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பிளந்தன. கட்சி என்ற கோடு அழிந்து, தொகுதி என்ற கோடு மட்டும் நின்றதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. 1919 ஜனவரி 16 அன்று முப்பத்தாறாவது மாநிலம் ஒப்புதல் அளித்தது; அரை சதவீதத்துக்கு மேல் ஆல்ககால் கொண்ட எதையும் மது என்று வரையறுத்த வோல்ஸ்டெட் சட்டம் அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் வில்சனின் மறுப்பையும் மீறி நிறைவேறியது.

வெற்றிக்குப் பின் லீக்குக்கு நேர்ந்தது, வெளியிலிருந்து கட்சிகளை ஆட்டிய அமைப்பு கட்சி அரசியலின் அழுக்கையே தானும் பூசிக்கொண்ட வரலாறு. மதுவிலக்கை அமல்படுத்தும் அதிகாரிகளைத் தகுதித் தேர்வின்றிக் கட்சிக்காரர்களின் பரிந்துரையில் நியமிக்கலாம் என்ற விலக்கை வீலர் ஏற்றுக்கொண்டார். அந்தப் பதவிகளைப் பங்கிட்டுக் கொள்ளும் ஆசை இல்லாவிட்டால் பல உறுப்பினர்கள் சட்டத்துக்கே வாக்களித்திருக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. விளைவு, கள்ளச் சாராய வியாபாரியிடம் கைநீட்டும் அதிகாரிகளின் கூட்டம். அதிபர் ஹார்டிங் ஆட்சியில் மதுவிலக்கு ஆணையராக அமர்ந்த ராய் ஹேன்ஸ் வீலரின் ஆள். நியூயார்க் மாநில லீக்கின் தலைவர் வில்லியம் ஆண்டர்சன், ராக்பெல்லரின் மகன் கணக்குக் கேட்கத் தொடங்கிய சில காலத்துக்குள், 1924இல் கணக்கேட்டு மோசடிக்காகச் சிறை சென்றார். இலக்கு அடைந்துவிட்டது என்று எண்ணிய ஆலயத்து மக்கள் சந்தாவைக் குறைத்தனர். 1927 செப்டம்பரில் வீலர் இறந்தார். அவருக்குப் பின் அந்த எந்திரத்தின் விசைகளை அறிந்தவர் எவரும் இல்லை.

அதன் கடைசிப் பெருவெற்றி 1928இல் கிடைத்தது. மதுவிலக்கை வெளிப்படையாக எதிர்த்தவரும் கத்தோலிக்கருமான நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானதும், அதே கட்சியின் தென்மாநிலத்தவரான மெதடிஸ்ட் பேராயர் ஜேம்ஸ் கேனன் கட்சியை விட்டு வெளியேறாமலே கட்சி வேட்பாளரைத் தோற்கடிக்கப் புறப்பட்டார். வர்ஜீனியா, டெக்சஸ், வட கரொலைனா, புளோரிடா, டென்னசி ஆகிய மாநிலங்கள் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹூவரின் பக்கம் சாய்ந்தன. இதில் மது எவ்வளவு, கத்தோலிக்க வெறுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் ஒரே மேடையில் ஒரே வாயிலிருந்து வந்தன. கேனனின் பிரசாரத்துக்குத் தேவாலயத்துச் சில்லறையைவிட நியூயார்க் காப்பீட்டுச் செல்வர் எட்வின் ஜேம்சன் தந்த அறுபத்தையாயிரம் டாலருக்கு மேற்பட்ட தொகையே பெரிதும் உதவியது என்பது பின்னர் வெளிப்பட்டது. ஒழுக்கத்தின் காவலராக நின்ற பேராயர் பங்குச் சந்தைச் சூதில் ஈடுபட்டதும் சேர்ந்தே வெளிப்பட்டது. அறுபத்தையாயிரம் டாலர் வழக்கில் நீதிமன்றம் அவரை விடுவித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோடீசுவரர்களின் சங்கம்

லீக்கின் மாதிரியை மிகக் கவனமாகப் படித்தவர்கள் அதன் எதிரிகளே. 1918 நவம்பரில் கடற்படை முன்னாள் அதிகாரி வில்லியம் ஸ்டேட்டன் தொடங்கிய மதுவிலக்குத் திருத்த எதிர்ப்புச் சங்கம், சில ஆண்டுகள் ஒரு டாலர் சந்தா உறுப்பினர்களைத் திரட்டித் தடுமாறிக்கொண்டிருந்தது. மதுத் தொழிலாரின் பணத்தோடு நெருங்கினால் பழைய கறை ஒட்டும் என்று அஞ்சி அது விலகியே நின்றது. 1920களின் பிற்பகுதியில் வெடிமருந்தும் இரசாயனமும் தயாரித்த டூ பான்ட் குடும்பத்தின் மூன்று சகோதரர்களான பியேர், ஐரனே, லமாட் ஆகியோரும், ஜெனரல் மோட்டார்ஸின் நிதித்துறைத் தலைவர் ஜான் ராஸ்காபும் அதனுள் வந்து, 1928இல் அதைத் தம் நிறுவனங்களைப் போலவே சீரமைத்தனர். ஆய்வுப் பிரிவு, வெளியீட்டுப் பிரிவு, சம்பளத்துக்கு எழுத்தாளர்கள் என்று அது ஓர் அலுவலகமாயிற்று. தேவாலய லீக்கில் மக்கள் முதலில், பணம் பின்னர். இந்தச் சங்கத்தில் பணம் முதலில், மக்களைப் பின்னர் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர்களுடைய நோக்கம் மதுக்கோப்பை மட்டுமன்று. தனிமனித உரிமையில் அரசு தலையிடுகிறது என்ற கொள்கை வாதம் உண்மையானதே. அதனோடு, பீருக்கு வரி விதித்தால் வருமான வரியைக் குறைக்கலாம், ஒழிக்கவும் செய்யலாம் என்ற கணக்கும் அவர்களின் கடிதங்களிலும் சங்கத்தின் வெளியீடுகளிலும் கூச்சமின்றி எழுதப்பட்டிருந்தது. 1930இல் செனட் விசாரணைக் குழு ஒன்று அக்கடிதங்களை அம்பலமாக்கியபோது, தொழிலாளியின் தாகத்துக்காக முதலாளி கண்ணீர் வடிப்பதன் காரணம் விளங்கிவிட்டதாக மதுவிலக்குத் தரப்பு எக்களித்தது. சங்கத்துக்கு வேண்டியிருந்த மக்கள் முகத்தைத் தந்தவர் பாலின் சேபின். குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவில் இருந்த அவர், அப்பதவியைத் துறந்து, 1929இல் மதுவிலக்கை நீக்கக் கோரும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். மூன்றாண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் சேர்ந்ததாக அது அறிவித்தது. பெண்கள் எல்லோரும் மதுவிலக்கின் பக்கம் என்று நாற்பதாண்டுகளாக நம்பியிருந்த அரசியல்வாதிகளுக்கு இந்த எண்ணிக்கை ஒரு விடுதலைப் பத்திரமாகவே இருந்தது.

ஆனால் உண்மையான புதுமை ராஸ்காபுடையது. சுருட்டுத் தயாரித்து விற்றவரின் மகனாகப் பிறந்து, பியேர் டூ பான்டிடம் சுருக்கெழுத்தராகச் சேர்ந்து, கோடிகளுக்கு உரியவரான அவர், 1924இல் குடியரசுக் கட்சியின் கூலிட்ஜுக்கு வாக்களித்தவர். 1928 ஜூலையில் ஆல் ஸ்மித் அவரை ஜனநாயகக் கட்சித் தேசியக் குழுவின் தலைவராக்கினார். தேர்தலில் கட்சி தோற்று, பதினைந்து லட்சம் டாலர் அளவுக்குக் கடனும் விழுந்தபோது, வழக்கப்படி அலுவலகத்தைப் பூட்டாமல், ராஸ்காப் தம் பணத்தால் அதைத் திறந்தே வைத்தார். மதுவிலக்கு எதிர்ப்பாளரான ஜோவெட் ஷவுஸைச் செயல் தலைவராகவும், செய்தியாளர் சார்ல்ஸ் மைக்கல்சனை விளம்பரப் பொறுப்பாளராகவும் முழுநேரச் சம்பளத்தில் அமர்த்தினார். அமெரிக்காவில் தேர்தல் இல்லாத காலத்திலும் இயங்கிய கட்சித் தலைமையகம் என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது. மைக்கல்சனின் எழுத்துகள் கட்சி உறுப்பினர்களின் பெயரில் நாளிதழ்களில் வெளிவந்து, பொருளாதார வீழ்ச்சியின் பழி முழுவதையும் ஹூவரின் தலையில் ஏற்றின. ஒரு பெருங்கட்சியின் அன்றாடச் செலவு தனியொருவரின் காசோலையைச் சார்ந்திருந்தது. அக்கட்சியின் தென்பகுதி உறுப்பினர்கள், அதாவது மதுவிலக்கின் உறுதியான ஆதரவாளர்கள், அந்தக் காசோலையை வாங்கிக்கொண்டே அதைத் தந்தவரின் கொள்கையை வெறுத்தனர்.

அந்த முரண் 1931 மார்ச் 5 அன்று தேசியக் குழுக் கூட்டத்தில் வெடித்தது. மதுவிலக்கை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிடும் நிலைப்பாட்டைக் கட்சி இப்போதே எடுக்க வேண்டும் என்று ராஸ்காப் விரும்பினார். கொள்கையைத் தீர்மானிப்பது மாநாட்டின் வேலை, குழுவின் வேலையன்று என்று நியூயார்க் ஆளுநர் பிராங்க்ளின் ரூசவெல்ட் தம் மாநிலக் கட்சிக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினார்; டென்னசி செனட்டர் கார்டெல் ஹல் தென்மாநிலத்தவரைத் திரட்டினார். ராஸ்காப் பின்வாங்கினார். ரூசவெல்ட் மதுவிலக்கின் அன்பரல்லர். கடன் கொடுத்தவரின் கையிலிருந்து கட்சியைப் பிடுங்குவதற்கும், தெற்கின் ஆதரவைத் தமக்குச் சேர்ப்பதற்கும் அந்த நடைமுறைக் கேள்வி அவருக்கு வசதியாக வாய்த்தது.

1932 ஜூன் முதல் வாரத்தில் ராக்பெல்லரின் மகன் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். மதுவைத் தொடாத குடும்பத்தில் பிறந்து, லீக்குக்குப் பணம் கொடுத்து வளர்ந்த அவர், மதுவிலக்கால் குடி குறையும் என்ற நம்பிக்கை பொய்த்துவிட்டதாகவும், சட்டத்தின்மேல் மக்களுக்கு இருந்த மதிப்பே குலைந்துவிட்டதாகவும் கூறி, திருத்தத்தை நீக்குவதை ஆதரித்தார். சில வாரங்களில் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாடு, 934¾க்கு 213¾ என்ற வாக்குகளில் மதுவிலக்கு நீக்கத்தைக் கொள்கையாக ஏற்றது. ஒரு வாக்கைப் பலர் பகிர்ந்துகொள்ளும் பேராளர் முறையால் வந்தவை அந்த முக்கால்கள். அதே மாநாடு நான்காம் சுற்றில் ரூசவெல்ட்டை வேட்பாளராக்கியது. ஸ்மித்தை ஆதரித்த ராஸ்காப் தலைமைப் பதவியை இழந்தார். ஷவுஸுக்கு மாநாட்டுத் தலைமையும் கிட்டவில்லை. பணம் கேட்ட கொள்கையைக் கட்சி முழுமனதாக எடுத்துக்கொண்டது, பணம் கொடுத்தவரை வாசலில் நிறுத்தியது.

வரி திரும்பிய வழி

மாநிலச் சட்டமன்றங்களில் கிராமப்புற மதுவிலக்கு ஆதரவாளர்களின் பிடி இன்னும் தளராததால், புதிய திருத்தத்துக்கான ஒப்புதலைச் சட்டமன்றங்களிடம் கேட்காமல், அதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநாடுகளிடம் கேட்பது என்று முடிவாயிற்று. அரசியலமைப்பில் எழுதப்பட்டிருந்தும் அதுவரை எந்தத் திருத்தத்துக்கும் கையாளப்படாத வழி அது. அதற்கான மாதிரிச் சட்ட வரைவுகளை நியூயார்க் வழக்கறிஞர்களின் தன்னார்வக் குழு ஒன்று முன்கூட்டியே ஆயத்தம் செய்திருந்தது. லீக்குக்கு வாழ்வளித்த இடமே, அதாவது தொகுதி உறுப்பினரை மிரட்டும் வாய்ப்பே, இவ்வாறு சுற்றிவளைத்துத் தாண்டப்பட்டது. 1933 டிசம்பர் 5 அன்று யூட்டா மாநிலம் முப்பத்தாறாவதாக ஒப்புதல் அளிக்க, நாற்பதாண்டு உழைப்பு பத்து மாதங்களில் கலைந்தது.

மது வரி திரும்பியது. வருமான வரி போகவில்லை. 1935ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டம் ஐம்பது லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்தின்மேல் 79 சதவீதம் வரை வரி விதித்தது. டூ பான்ட் சகோதரர்கள் எந்த வரியை இறக்க மதுக்கூடத்தைத் திறந்தார்களோ, அந்த வரி அவர்கள் கண்ட உச்சத்தையெல்லாம் தாண்டியது. அதற்கு முன்பே, 1934 ஆகஸ்டில், மதுவிலக்கு எதிர்ப்புச் சங்கத்தின் அதே ஆட்கள், அதே ஷவுஸின் தலைமையில், அமெரிக்கச் சுதந்திர லீக் என்ற பெயரில் ரூசவெல்ட்டின் புதிய திட்டங்களை எதிர்க்கக் கூடினர். ஆல் ஸ்மித்தும் சேர்ந்துகொண்டார். ஒருமுறை வென்ற வழி மறுமுறையும் வெல்லும் என்று நம்பியதில் வியப்பில்லை. சுமார் 12 லட்சம் டாலர் செலவானது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டூ பான்ட் குடும்பத்தினுடையது. துண்டறிக்கைகள் கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் இலவசமாகப் போயின. ஜார்ஜியாவின் ஆளுநர் டால்மட்ஜைக் கொண்டு தெற்கில் ரூசவெல்ட்டுக்கு எதிராக நடத்திய கூட்டத்துக்கும் இவர்களின் பணம் போனது. அங்கே அதிபரின் மனைவி கறுப்பின மாணவர்களோடு நின்ற படத்தை விநியோகித்து இனவெறுப்பைக் கிளறியது தெரிய வந்தபோது, அரசியலமைப்பின் காவலர் என்ற பெயர் கெட்டது.

1936 ஜனவரி 25 அன்று வாஷிங்டனின் மேஃபிளவர் ஓட்டலில் சுமார் இரண்டாயிரம் பேர் கலந்துகொண்ட சுதந்திர லீக்கின் விருந்தில் ஸ்மித் ஆற்றிய உரை வானொலியில் நாடெங்கும் ஒலிபரப்பாயிற்று. நியூயார்க்கின் ஏழைத் தெருவில் மீன் சந்தையில் கூலி வேலை செய்து வளர்ந்தவர், டூ பான்டுகள் நிறைந்த மண்டபத்தில் மாலை உடையில் நின்று ஏழைகளுக்கான திட்டங்களைச் சாடினார். உரையின் வாதங்கள் சில வலுவானவை; கேட்டவர்கள் வாதத்தைவிட மண்டபத்தையே மனத்தில் கொண்டனர். ஜனநாயகக் கட்சித் தலைவர் ஜேம்ஸ் பார்லி அந்த லீக்கை செலோபேன் லீக் என்று கேலி செய்தார். அது டூ பான்ட் தயாரிப்பு, உள்ளே இருப்பது வெளியே தெரியும் என்பது பொருள். குடியரசுக் கட்சி தன் வேட்பாளர் லாண்டனை ஆதரித்து அறிக்கை விட வேண்டாம் என்று சுதந்திர லீக்கைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. நாற்பத்தெட்டில் நாற்பத்தாறு மாநிலங்களை ரூசவெல்ட் வென்றார்.

ஒரே கூட்டத்தார், ஒரே பணம், ஒரே அலுவலக முறை. 1932இல் வெற்றி, 1936இல் படுதோல்வி. முன்னதில் பெரும்பான்மை மக்கள் ஏற்கெனவே விரும்பியதைச் சொல்லக் கட்சிக்குத் துணிவு இல்லாதிருந்தது, பணம் அந்தத் துணிவை வாங்கித் தந்தது. பின்னதில் மக்கள் விரும்பாததைச் சொல்லப் பணம் முயன்றது. தேவாலய லீக்கின் கணக்கோ வேறு. அது விளிம்பில் நின்ற பத்து சதவீதத்தைக் கொண்டு சட்டத்தை வென்றது. சட்டத்தை நடத்துவதற்கு வேண்டிய மீதித் தொண்ணூறு சதவீதத்தைத் தன் பக்கம் சேர்க்க வேண்டும் என்று அதன் வெளியீட்டுப் பணியை நடத்திய செர்ரிங்டன் போன்ற சிலர் லீக்குக்குள்ளேயே வாதாடியும், வீலரின் வழியே கடைசிவரை வென்றது.

செல்வர்கள் விலகியதால் ஜனநாயகக் கட்சியின் கருவூலத்தில் விழுந்த ஓட்டை சிறிதன்று. 1932இல் அக்கட்சிக்கு வந்த ஆயிரம் டாலருக்குக் குறையாத நன்கொடைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வங்கியாளரும் பங்குத் தரகரும் தந்தது. 1936இல் அது நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அந்த இடத்துக்கு வந்தவர் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் லூயிஸ். அவர் இரண்டரை லட்சம் டாலர் காசோலையையும் புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு வெள்ளை மாளிகைக்குச் சென்றதாகவும், காசோலை வேண்டாம், தேவைப்படும்போது கேட்டு வாங்கிக்கொள்கிறோம் என்று ரூசவெல்ட் சிரித்து அனுப்பியதாகவும் கூறப்படுகிறது. அப்படிக் கேட்டுக் கேட்டு வாங்கியது, நன்கொடையும் கடனுமாக, முடிவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர். தொழிற்சங்கப் பணத்துக்கு 1943இல் நாடாளுமன்றம் விதித்த தடையும், அத்தடையைச் சுற்றிச் செல்ல அதே ஆண்டு சிட்னி ஹில்மன் அமைத்த முதல் அரசியல் நடவடிக்கைக் குழுவும் அடுத்த பகுதிக்கு உரியவை.